மாதிரி விமானம் கட்டுவோர் செய்யும் வேடிக்கையான தவறுகள்

மாதிரி விமானம் கட்டும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் வருவதில்லை. துண்டு நேராக வெட்டப்பட்டிருக்கும், மூட்டு கச்சிதமாக ஒட்டியிருக்கும். ஆனால் அது வலப்பக்கத்துக்குப் பதிலாக இடப்பக்கத்துக்கு உரியதாக இருக்கும். இல்லையென்றால், உள்ளே போக வேண்டிய பொருள் மேசைமீது கிடக்க, உடற்பகுதி மூடப்பட்டுவிட்டிருக்கும். பக்கம் அல்லது திசை மாறுவது, வேலையின் வரிசை மாறுவது என்ற இரண்டுக்குள் இந்தத் துறையின் சிரிப்புக் கதைகளில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். பல விமானங்கள் கட்டிப் பழகியவர்களும் இவற்றுக்குத் தப்புவதில்லை. கை பழகப் பழக, நின்று பார்க்கும் வழக்கம் குறைந்துவிடுகிறது.

பால்சா மரத்திலும் தெர்மாகோல் போன்ற நுரைப் பலகைகளிலும் கட்டப்பட்டு ரேடியோவால் இயக்கப்படும் ஆர்.சி. விமானங்களையே இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது. வரைபடத்தில் தொடங்கி, மைதானத்தில் முதன்முறை எறிவது வரை, வேலை நடக்கும் வரிசையிலேயே தவறுகள் சொல்லப்படுகின்றன.

வரைபடத்தில்

வரைபடத்தைக் கோப்பாக இறக்கி, வீட்டிலோ ஜெராக்ஸ் கடையிலோ ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டிக்கொள்வதே இன்று வழக்கம். அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், படம் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கிவிடும். பார்வைக்கு எதுவும் தெரியாது. 1,200 மி.மீ. இறக்கை 1,164 மி.மீ. ஆகிவிடுவதால் விமானம் பறக்காமல் போகாது. தொல்லை வேறு இடத்தில் வருகிறது. 3 மி.மீ. பலகைக்கென வரைந்த காடி 2.9 மி.மீ. ஆகியிருக்கும், பலகை மட்டும் 3 மி.மீ. ஆகவே இருக்கும். கடையில் வாங்கிய கார்பன் குழாய், மோட்டார், சக்கரம் எதுவும் தாளோடு சேர்ந்து சுருங்குவதில்லை. ஒவ்வொரு விலாத் துண்டையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் செருகியவர், வெட்டும் கத்தியையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இதைவிட வேடிக்கை, ஒரே ஒரு தாள் கிழிந்துபோய், அதை மட்டும் வேறொரு கடையில் அச்சிட்டுச் சேர்ப்பது. அந்தக் கடையில் அளவுத் தேர்வு வேறாக இருந்தால் ஓர் இறக்கை மற்றதைவிட நீளமாகிவிடும். வரைபடத்தில் அளவுகோடு கொடுத்திருந்தால் அதை எஃகு அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். கொடுக்காவிட்டால், அளவு எழுதப்பட்ட ஏதாவது ஒரு பாகத்தை ஒவ்வொரு தாளிலும் அளக்க வேண்டும். வெட்டத் தொடங்கிய பிறகு அளப்பதில் பயனில்லை.

சின்ன விமானம் நன்றாகப் பறந்ததும் அதே வரைபடத்தை இரண்டு மடங்காக்கிக் கட்டும் ஆசை பலருக்கும் வருகிறது. ரைட் சகோதரர்களும் சிறுவயதில் இதைச் செய்து பார்த்தவர்கள். 1878-இல் அவர்களுடைய தந்தை மில்ட்டன் ரைட் ஒரு பொம்மை ஹெலிகாப்டர் வாங்கிவந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர் இவற்றால் ஆன அந்தப் பொம்மை, பிரான்ஸின் அல்ஃபோன்ஸ் பெனோ வகுத்த அமைப்பைப் பின்பற்றியது. அதைப் பார்த்துச் சிறுவர்கள் சில பொம்மைகள் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அவை பறப்பது குறைந்துகொண்டே வந்தது. நீள அகலங்களை இரட்டித்தால் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது அவர்களுக்குப் பின்னாளில்தான் விளங்கியது. கணக்கு எளிது: எல்லா அளவுகளும் இரட்டித்தால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்கு, மரத்தின் கனஅளவும் எடையும் எட்டு மடங்கு. எனவே வரைபடத்தைப் பெரிதாக்குபவர் மரத்தின் தடிமனை அதே விகிதத்தில் கூட்டக் கூடாது. எங்கே பலம் வேண்டும், எங்கே குறைத்துக்கொள்ளலாம் என்று பாகம் பாகமாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு இடது இறக்கைகள்

இந்தத் துறையின் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். தாளை மிச்சப்படுத்துவதற்காகப் பல வரைபடங்களில் ஒரு பக்கத்து இறக்கை மட்டுமே முழுதாக வரையப்பட்டிருக்கும். அதன்மேல் ரிப் எனப்படும் விலாக்களையும் ஸ்பார் எனப்படும் நீளக் கட்டைகளையும் குண்டூசியால் நிறுத்தி, பல மாலைகள் உழைத்து ஓர் இறக்கையை முடிக்கிறார் கட்டுபவர். அதை எடுத்து வைத்துவிட்டு, அதே தாளில் அதே ஒழுங்கோடு இரண்டாவதையும் கட்டுகிறார். இரண்டையும் அருகருகே வைக்கும் நாளில்தான் விஷயம் தெரிகிறது. ஓர் இறக்கையின் முன்விளிம்பு முன்னே பார்த்தால் மற்றதன் பின்விளிம்பு முன்னே வந்து நிற்கும். அதைச் சரிசெய்யப் புரட்டினால் வளைந்த மேற்புறம் கீழே போய், தட்டையான அடிப்புறம் வானத்தைப் பார்க்கும். எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. நாலு பேர் கூடிச் சிரிப்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஆனால் இழந்த மரமும் மாலைகளும் திரும்பி வராது.

இதற்கான பழைய வழி இன்றும் சிறந்தது. முதல் இறக்கை முடிந்ததும் வரைபடத்தைக் கவிழ்த்து, பஞ்சில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டுத் தாளின் பின்புறத்தில் மெல்லத் தேய்க்க வேண்டும். தாள் எண்ணெயை உறிஞ்சி ஒளி ஊடுருவத் தொடங்கும். மறுபுறத்துக் கோடுகள் இடம்வலம் மாறித் தெளிவாகத் தெரியும். அந்தக் கோடுகளின் மேல்தான் இரண்டாவது இறக்கையைக் கட்ட வேண்டும். எண்ணெய் கூடிவிட்டால் பால்சா அதைக் குடித்துவிடும், பிறகு அந்த இடத்தில் ஒட்டு பிடிக்காது. ஆகவே தேய்த்த பின் பழைய துணியால் ஒற்றி எடுத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரிப்பது அவசியம். கணினி வசதி உள்ளவர்கள் படத்தை இடம்வலம் புரட்டி இன்னொரு பிரதி அச்சிட்டுக்கொள்ளலாம்.

உடற்பகுதியின் பக்கப் பலகைகளிலும் இதே கதை நடக்கும். இரண்டு பலகைகளும் ஒரே வடிவம் என்பதால் வெட்டும்வரை சிக்கல் இல்லை. உட்புறத்தில் ஒட்ட வேண்டிய வலுவூட்டும் பட்டையை இரண்டிலும் ஒரே முகத்தில் ஒட்டிவிடும்போது, ஒன்றின் பட்டை உள்ளேயும் மற்றதன் பட்டை வெளியேயும் வந்துவிடுகிறது. இரண்டு பலகைகளையும் விரித்த புத்தகத்தின் பக்கங்கள்போல் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றிலும் ‘இடது – உள்’, ‘வலது – உள்’ என்று பென்சிலால் எழுதிவிட்டு ஒட்டினால் தவறு நேராது. எழுதுவதற்கு வெட்கப்படுவோர்தான் திரும்ப வெட்டுகிறார்கள்.

இறக்கைகளை இணைக்கும் இடத்தில் இன்னொரு திருப்பம் காத்திருக்கிறது. பயிற்சி விமானங்களில் இறக்கையின் நுனிகள் நடுப்பகுதியைவிடச் சற்று உயர்ந்திருக்கும். டைஹீட்ரல் என்ற இந்த ஏற்றம்தான் விமானத்தைத் தானாக நிமிரச் செய்கிறது. நடுவில் ஒட்டும் இணைப்புக் கட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டால் நுனிகள் தொங்கிப்போகும், நிமிர வேண்டிய விமானம் சாய்ந்துகொண்டே போகும். முன்பின் அகலம் சீராக உள்ள இறக்கையை ரப்பர் பட்டையால் உடலோடு கட்டும் விமானங்களில், அவசரத்தில் பின்விளிம்பை முன்னே வைத்துக் கட்டுவதும் உண்டு. முன்விளிம்பின் நடுவில் ஓர் அம்புக்குறி வரைந்துவிட்டால் போதும்.

ஒட்டும் பசையும்

ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பசையின் பிறப்பே ஒரு தொல்லையில் தொடங்கியது. 1942-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த ஹாரி கூவர், தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்ட இந்தப் பொருளை வேண்டாமென்று ஒதுக்கினார். 1951-இல் அவரது குழுவினர் ஒளிவிலகலை அளக்கும் கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே இதை வைக்க, பட்டகங்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் இது ஒரு பசை என்பது உறைத்தது. 1958-இல் விற்பனைக்கு வந்தது.

இந்தப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். வாலைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருப்பவரின் கண்முன்னே வால் குழிவிழுந்து உள்ளே போகும். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான்: ஓர் அடுக்கு அடித்ததும் வழவழப்பான இறக்கை அம்மைத் தழும்புகளோடு நிற்கும். நுரைப் பொருளுக்கென்றே தனி சயனோ பசை கிடைக்கிறது. அது இல்லாதபோது எபாக்சி நம்பகமானது. எதுவானாலும் கழித்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டே விமானத்தைத் தொட வேண்டும். வெள்ளை ஃபெவிகால் தெர்மாகோலைக் கெடுக்காது, ஆனால் அது நீர் ஆவியாகித்தான் இறுகும். இரண்டு அகலமான நுரைப் பலகைகளுக்கு நடுவே பூசினால் நீர் வெளியேற வழி இருக்காது. மறுநாள் காலையிலும் ஓரம் மட்டும் காய்ந்து நடுப்பகுதி ஈரமாகவே வழுக்கும்.

சிந்திய சயனோ பசையைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைப்பது வேடிக்கை எல்லையைத் தாண்டிய தவறு. பருத்தி இழைகளில் பட்டதும் பசை மிக வேகமாக இறுகிக் கடும் வெப்பத்தை வெளியிடும். புகையும் வரும், தோல் வெந்துபோகும். தொடைமீது சொட்டினால் பருத்திப் பேன்ட்டும் இதே வேலையைச் செய்யும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம், அல்லது அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைத் தடவலாம். அந்த அசிட்டோன் கையில் இருக்கும்போது தெர்மாகோல் விமானத்தின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இறக்கையை வரைபடத்தோடு சேர்த்து ஒட்டிவிடுவது மிகப் பழைய தவறு. பிளாஸ்டிக் தாள் விரிக்க மறந்தால் பசை மரத்தின் வழியே இறங்கித் தாளையும், சில வேளை அடியிலுள்ள பலகையையும் பிடித்துக்கொள்ளும். கீல் ஒட்டும்போது பசை வழிந்து, வாலில் மேலும் கீழும் அசைய வேண்டிய எலிவேட்டர் அசையாமல் போவது இன்னொன்று. கீலின் மடிப்பில் துளி வாசலின் தடவிவைத்தால் எபாக்சி அங்கே பிடிக்காது.

ஐந்து நிமிட எபாக்சி என்று குப்பியில் எழுதியிருப்பது மிதமான வெப்பநிலைக்கான கணக்கு. மதுரையிலோ வேலூரிலோ சித்திரை வெயிலில் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும். கிண்ணத்தில் மொத்தமாகக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே இன்னும் விரைவாக இறுகும். இறக்கையைக் கோணம் பார்த்து நிமிர்த்துவதற்குள் கோணலாகவே நிலைத்துவிடும். பெரிய மூட்டுகளுக்கு முப்பது நிமிட எபாக்சிதான் ஏற்றது. க்ளூகன் பசை இதற்கு நேர்மாறு: வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகி, மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது மோட்டார் தலைகுனிந்திருக்கும்.

மூடிய பிறகு நினைவுக்கு வருபவை

இறக்கையின் மேல் படலம் இழுத்து ஒட்டி, இஸ்திரி போட்டுச் சுருக்கமில்லாமல் முடித்த பிறகு, மடல்களை அசைக்கும் சர்வோவின் ஒயர் மேசைமீதே கிடப்பதைப் பார்ப்பவர்கள் பலர். விலாக்களின் துளைகளில் அதைக் கோக்க வழி இருக்காது. படலம் ஒட்டுவதற்கு முன்பே ஒரு நூலை எல்லாத் துளைகளிலும் கோத்து, இரு முனைகளையும் வெளியே விட்டு டேப் போட்டுவிட வேண்டும். பிறகு ஒயரை நூலின் முனையில் கட்டி இழுத்தால் வந்துவிடும். முடிச்சுக்கு மேல் சிறு டேப் சுற்றாவிட்டால் அது ஏதாவதொரு விலாவில் மாட்டி அறுந்துபோகும். ஒயரோடு இன்னொரு நூலையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவைத்தால் அடுத்த பழுதுக்கும் உதவும்.

குண்டூசி, பென்சில் துண்டு, கத்தியின் உடைந்த நுனி இவையெல்லாம் இறக்கைக்குள் சிறைப்பட்டு, பறக்கும்போது கிலுகிலுப்பை ஒலி எழுப்புவது உண்டு. பேட்டரி அறையின் மூடி அழகாக அமைந்து, பேட்டரி நுழையாத அளவில் இருப்பதும் உண்டு. ரிசீவரின் பொத்தானும் சர்வோவின் திருகும் விரலுக்கு எட்டாத ஆழத்தில் போய்விடலாம். ஒவ்வொரு பலகையை மூடும் முன்னும் உள்ளே போக வேண்டிய பேட்டரி, சர்வோ, ரிசீவர், மோட்டார் அனைத்தையும் ஒட்டாமல் ஒருமுறை வைத்து எடுத்துப் பார்ப்பதே இதற்கெல்லாம் மருந்து.

வாசலை அளக்க மறப்பதும் இந்த வகைதான். மாடி அறையில் இரண்டு மீட்டர் இறக்கையை ஒரே துண்டாகக் கட்டி முடித்தவருக்கு, மாடிப்படியின் திருப்பம் அதுவரை நினைவுக்கு வந்திருக்காது. ஸ்கூட்டரில் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு, நடுவில் கார்பன் குழாய் கொண்டு பிரிக்கக்கூடிய இறக்கையைத் தவிர வேறு வழியில்லை.

படலத்தைப் பற்றி ஒன்று. மேற்புறத்தை மட்டும் அதிகச் சூட்டில் இழுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையை எதிர்த்திசையில் லேசாக முறுக்கிப் பிடித்தபடி, மறுபடி சூடு காட்டி, ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகிவிடும்.

சரிசெய்யக் கூடாத கோணல்

பல விமானங்களில் மோட்டார் நேராகப் பார்க்காது. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று பாகை வலப்பக்கமும், அதேபோல் சற்றுக் கீழும் சாய்ந்திருக்கும். புதிதாகக் கட்டுபவர் இதைத் தன் பிழை என்று நினைத்து, வாஷர் வைத்து வெகு சிரத்தையாக நேராக்கிவிடுகிறார். சாய்வுக்குக் காரணம் இருக்கிறது. சுழலும் ப்ரொபெல்லரின் காற்றும் எதிர்முறுக்கும் மூக்கை இடப்பக்கம் தள்ளும்; இறக்கை மேலே அமைந்த விமானம் வேகம் கொடுத்ததும் மூக்கைத் தூக்கும். இந்த இரண்டையும் சமன்செய்யவே வடிவமைப்பாளர் அந்தக் கோணத்தை வைத்திருக்கிறார். வரைபடத்தில் ஒரு கோடு சாய்ந்திருந்தால், அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று தெரியும்வரை நிமிர்த்தக் கூடாது.

எடையும் சமநிலையும்

பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு எடை இருப்பது சாதாரணம். கட்டுபவர் இலேசான பலகைகளை முதலில் எடுத்து ஓர் இறக்கையை முடித்து, மிஞ்சிய கனமான பலகைகளால் மற்றதைக் கட்டினால், விமானம் ஒரு பக்கம் சாய்ந்தே பறக்கும். சமையலறைத் தராசில் எல்லாப் பலகைகளையும் நிறுத்து, மேலே எடையை எழுதி, இரண்டு பக்கத்துக்கும் பங்கிட வேண்டும்.

ஈர்ப்பு மையம் சாதாரண இறக்கையில் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்தில் இருப்பது பாதுகாப்பானது. 200 மி.மீ. அகல இறக்கையில் அது 50 முதல் 60 மி.மீ. இதைச் சோதிக்கையில் பேட்டரியை வெளியே வைத்துவிட்டுச் சோதிப்பதும், முன்விளிம்புக்குப் பதில் மூக்கிலிருந்து அளப்பதும் அடிக்கடி நடப்பவை. வாலில் ஆசையாசையாகப் பூசும் பெயின்ட்டும் பசையும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். வால் நீண்டும் மூக்கு குறுகியும் இருப்பதால், வாலில் கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க நேரும். ஈயத்தைத் தேடுவதற்கு முன் பேட்டரியை முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டும். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தது பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் பறக்கும்.

ப்ரொபெல்லரும் திசைகளும்

ப்ரொபெல்லரின் மேல் எழுதிய எண்கள் விமானம் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று வரும், ஒலியும் பலமாக இருக்கும், ஆனால் இழுவை வெகுவாகக் குறைந்துவிடும். மோட்டார் கெட்டுவிட்டதென்று புது மோட்டார் வாங்கியவர்களும் உண்டு. மோட்டாரே எதிர்த்திசையில் சுழன்றால், அதன் மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். இந்தச் சோதனைகளை ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும். பேட்டரியைச் செருகியதும் மேசையிலிருந்து கிளம்பி அறைக்குள் பாயும் விமானம் விரலைக் கிழித்துவிடும். டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, அதன் பிறகே விமானத்துக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்; அணைக்கும்போது விமானம் முதலில்.

கடைசித் தவறு கட்டுப்பாடுகள் எதிர்த்திசையில் இயங்குவது. வலப்பக்கம் திருப்பினால் விமானம் இடப்பக்கம் புரளும்; பதறி இன்னும் வலப்பக்கம் திருப்ப, இன்னும் புரளும். பல விமானங்களின் அமைப்புகளைச் சேமிக்கும் டிரான்ஸ்மிட்டரில் வேறொரு விமானத்தைத் தேர்ந்தெடுத்தபடி கிளம்பினாலும் இதுவே நேரும். மாதிரி விமானத்தில் இது மரத்தூளோடு முடிகிறது; முழு விமானத்தில் உயிரை வாங்கியிருக்கிறது. 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபர்டில் அவ்ரோ டியூடர் விமானம் ஒன்று சோதனைக்காகக் கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. பழுதுபார்த்தபோது, இறக்கைகளின் பின்விளிம்பில் அசையும் எய்லரான்களின் இணைப்பு மாறிப்போயிருந்தது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் அந்த விபத்தில் இறந்தார்.

பெரும்பாலோர் சோதிக்காமல் பறப்பதில்லை. எய்லரான் அசைகிறதா என்று பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பதில்லை. மூக்குக்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறித் தெரிவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. விமானத்தின் வாலுக்குப் பின்னே நின்று, குச்சியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும்: வலது எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். குச்சியைத் தன்னை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். வாலில் இடம்வலம் அசையும் ரடரை வலப்பக்கம் கொடுத்தால் அதுவும் வலப்பக்கமே திரும்ப வேண்டும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, பக்கத்திலிருப்பவரையும் பார்க்கச் சொல்வது நல்லது. ஏதாவதொன்று மாறியிருந்தால் டிரான்ஸ்மிட்டரில் ரிவர்ஸ் செய்துவிட்டு, மாற்றியதை மட்டுமல்லாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை சோதித்த பிறகே விமானத்தைக் கையிலெடுத்து எறிய வேண்டும்.